மூன்று விரல்

உங்க ஃபேன்ல புஷ் தேஞ்சிருக்கு சார். மூணு சுத்துக்கு ஒரு தடவை 'டிக்'குன்னு தட்டுது, கவனிச்சுப் பாருங்க. இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அதுக்கு நேர் கீழ நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கீங்க, அதனால சொன்னேன். கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கங்க. தொழில் புத்தி, வேற ஒண்ணுமில்ல.

வாக்குமூலம் எழுதறவர் மெதுவாவே எழுதட்டும். எனக்கு அவசரம் கிடையாது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில பார்க்க விடற நேரத்துக்குள்ள அனுப்பிட்டீங்கன்னா போதும்.

மேஜை மேல மூணு சாமான் வெச்சிருக்கீங்க. அந்தப் பையில இருக்கிறது என் தம்பி வண்டியோட கிராங்க். பிஸ்டன் மேலயும் கீழயும் குதிக்கிறதைச் சக்கரம் சுத்தற மாதிரி மாத்தறது அதுதான். இஞ்சினோட அடிவயித்துல உட்கார்ந்திருக்கும். நீலமா வெந்து போயிருக்கு பாருங்க, அந்த இடத்துல பேரிங் நொறுங்கி, ஓட்டத்துலயே இறுகிடுச்சு. ரெண்டாவது, எண்ணெய்க் காகிதம் சுத்தின புது கிராங்க். அது என் பெட்டியில இருந்து நீங்க எடுத்தது. மூணாவது, என் தம்பி பொண்டாட்டியோட போன். மூணையும் வரிசையா வெச்சுட்டு என் முகத்தைப் பார்க்கறீங்க. பார்க்கவே வேண்டாம், கேளுங்க, சொல்றேன். எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கு என்னைக்கும் இருந்ததில்ல.

அவ போயிட்டா. ரோட்டுலயே போயிட்டா. தம்பி கழுத்துல பட்டை போட்டு, தொண்டையில குழாய் சொருகிப் படுத்திருக்கான். நல்ல பொண்ணு சார். அவளைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பா சொல்ல மாட்டேன்.

எங்க பைக் பட்டறை ஒண்ணும் பெரிய இடமில்ல. முன்னாடி தகரக் கூரை போட்ட கூடம், நாலு வண்டி நிறுத்தலாம். பின்னாடி சாமான் ரூம். மாடியில ரெண்டு ரூம், ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவங்களுக்கு. அவங்க ரூம் ஜன்னலோரமா அவளோட தையல் மிஷின். காலையில நாங்க ஷட்டரைத் தூக்கறதுக்குள்ள மேல மிஷின் ஓட ஆரம்பிச்சிருக்கும். அக்கம்பக்கத்துப் பொண்ணுங்க ஜாக்கெட் எல்லாம் அவ கையிலதான்.

அப்பா அம்மா சீக்கிரமே போயிட்டாங்க. தம்பியைத் தோள்ல போட்டு வளர்த்தவன் நான். கல்யாணம் காட்சின்னு எனக்கு எதுவும் பண்ணிக்கல. அதுக்காக ஒரு நாளும் குறைப்பட்டது கிடையாது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க. அவன் சட்டை பட்டன் அறுந்தா எனக்குத் தெரியும். அவன் ராத்திரி எத்தனை தடவை புரண்டான்னு சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்தே சொல்லுவேன்.

தொழிலைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், இல்லாட்டி உங்களுக்கு விளங்காது. எல்லா வண்டியும் சத்தம் போடும். சத்தம் போடறது தப்பில்ல. விசேஷ வீட்டுல நூறு பேர் பேசிட்டு இருக்கும்போது பின்கட்டுல தன் குழந்தை அழறது தாய்க்கு மட்டும் கேக்கும்ல, அந்த மாதிரி கேக்கணும். மேல வால்வுல 'டிக் டிக்'னு மெலிசா வந்தா டாப்பெட். நடுவுல 'டங்'குன்னு கிண்ணத்தைத் தட்டின மாதிரி வந்தா பிஸ்டன் பக்கம். அடியில இருந்து 'டொக்கு டொக்கு'ன்னு, கதவைத் திறக்கச் சொல்லி யாரோ முட்டியால தட்டற மாதிரி வந்தா கிராங்க். அதைக் கேட்டுட்டா வண்டியை அப்பவே நிறுத்தணும். தள்ளிட்டுத்தான் வரணும், ஓட்டக் கூடாது.

நீளமான ஸ்க்ரூடிரைவர் முனையை இஞ்சின் மேல வெச்சு, கைப்பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்புல அழுத்தினா உள்ள நடக்கிறது அத்தனையும் கேக்கும். ஊர்ல எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் பார்ப்பான். எங்க பட்டறையில மட்டும் கூட ஒரு வழக்கம் உண்டு. ஆரம்பத்துல நான் ஒண்ணு சொல்ல, அதைக் கேட்டதும் தம்பிக்கும் அதுவே கேக்க, ஒண்ணுமில்லாத ஒரு இஞ்சினைப் பிரிச்சுப் போட்டு அசிங்கப்பட்டோம். வாயைத் திறந்தா ஒருத்தன் காது இன்னொருத்தனுக்கு ஒட்டிக்கும். அதனால பேசக் கூடாதுன்னு முடிவு பண்ணினோம். ஒருத்தர் பின்னால ஒருத்தர் கேட்டுட்டு, முதுகோட முதுகு சேர்த்து நிப்போம். வண்டிக்காரர் எதிர்ல நின்னு ரெண்டு பேர் கையையும் பார்ப்பார். ஒரு விரல்னா மேல. ரெண்டு விரல்னா நடு. மூணு விரல்னா அடியில. கையை மூடிக் காட்டினா வண்டியில ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ரெண்டு கையும் ஒத்துப் போனாத்தான் இஞ்சின்ல ஸ்பேனர் வைப்போம். இது சத்தியம் மாதிரி. அவன் சொந்த வண்டியா இருந்தாலும் இதுதான் சட்டம்.

ஜனங்களுக்கு இது சர்க்கஸ் மாதிரி. குழந்தைகளைக் கூட்டிட்டு வந்து காட்டுவாங்க. ரெண்டு கையும் எப்பவும் ஒத்துப் போகும் சார். எனக்கும் காது உண்டு, அதை நீங்க எழுதிக்கணும். ஆனா அவன் சட்டுனு கண்டுபிடிப்பான். வண்டி தெரு முனையில திரும்பும்போதே தலையைத் தூக்கிடுவான். அதனால அவனுக்கு 'காது'ன்னே பேர் வந்துடுச்சு. வர்றவங்க ஹெல்மெட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி, "காது இருக்காரா?"ன்னு கேப்பாங்க. "வெளிய போயிருக்கான், கொண்டாங்க நான் பார்க்கறேன்"னா, "பரவாயில்லண்ணே, அவர் வந்ததும் வர்றேன்." அண்ணேன்னு மரியாதையாத்தான் சொல்லுவாங்க. எனக்கு அதுல வருத்தம் கிடையாது. பிள்ளையைப் புகழ்ந்தா பெத்தவனுக்குக் கசக்குமா?

ஒரு நாள் காலையில சாப்பிட்டுட்டு இருக்கும்போது தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான். அவளோட அக்கா இருக்கிற ஊர்ல, மெயின் ரோட்டு மேல ஒரு கடை காலியாகுதாம். பின்னாடியே வீடு. அவளுக்குத் தையலுக்கு முன் ரூம் கிடைக்கும். "நாங்க போய்ப் பார்க்கலாமாண்ணா? நீயும் வந்துடேன்."

"நீயும்"னு ஒரு வார்த்தை. நான் வளர்த்த பிள்ளை வீட்டுக்கு நான் விருந்தாளியா போறது. நான் சிரிச்சேன். "நல்ல விஷயம்தானேடா, பார்ப்போம்"னேன். அவ என் தட்டுல இன்னும் கொஞ்சம் போட்டா. "மாமாவுக்கு சந்தோஷம்தான், நீங்கதான் பயந்தீங்க"ன்னு அவன்கிட்ட சொன்னா. அவ அப்படி வெகுளி.

பட்டறை படுத்துடும்னு நான் பயந்தேன்னு எழுதிக்காதீங்க. அது பொய். என் கை ஓடற வரைக்கும் எனக்குச் சோறு கிடைக்கும். எனக்கு இருந்த கவலை அவனைப் பத்திதான். அவன் ஏமாளி. யாராவது தோள்ல கை போட்டா எதை வேணும்னாலும் தூக்கிக் கொடுத்துடுவான். தெரியாத ஊர்ல, எதிர்ல ரெண்டு பேர் முறைச்சா நிக்க மாட்டான். இதைச் சொன்னா கேப்பானா? கேக்க மாட்டான். தான் ஒரு பெரிய ஆள்னு ஊரே சேர்ந்து அவன் தலையில ஏத்தி வெச்சிருந்தது. கொஞ்சம் இறக்கி வெச்சா தானா நிப்பான்னு தோணுச்சு. அவ்வளவுதான் சார் ஆரம்பம்.

அன்னைக்கே ஒரு வண்டி வந்தது. கூரியர்காரரோடது. டாப்பெட் தட்டுது, குருடனுக்கும் தெரியும். முதுகோட முதுகு நின்னோம். அவன் ஒரு விரல். நான் கையை மூடிக் காட்டினேன்.

கூரியர்காரர் சிரிச்சுட்டார். "என்னங்க, இன்னைக்கு ஒத்துப் போகல?" தம்பி திரும்பி என் கையைப் பார்த்தான். "உனக்குக் கேக்கலையாண்ணா?" "இல்லையேடா." இன்னொரு தடவை ஸ்க்ரூடிரைவரை வெச்சுக் கேட்டான். "மெலிசாதான் இருக்கு"ன்னு இழுத்தான். "யானைக்கும் அடி சறுக்கும், விடு"ன்னேன். அவன் சாப்பிடப் போன நேரம், ஆயில் பார்க்கற மாதிரி உட்கார்ந்து டாப்பெட்டை நானே சரி பண்ணிட்டேன். இதைக் குறிச்சுக்கங்க. எந்த வண்டியையும் நான் பழுதோட அனுப்பினதில்ல. கூரியர்காரர் மறுபடி வந்தப்போ தம்பி ஆசையா காதை வெச்சுப் பார்த்தான். சத்தம் இல்ல. "போன தடவை கேட்டுச்சே"ன்னு முணுமுணுத்தான். முகம் சின்னதாயிடுச்சு.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். தினமும் செய்யல. பத்து வண்டியில ஒண்ணுக்குக் கையை மூடுவேன். அவன் இல்லாத நேரத்துல பழுதைப் பார்த்துடுவேன். வண்டிக்காரருக்கு நஷ்டமில்ல, எனக்குத்தான் ரெட்டை வேலை. கொஞ்ச நாள்ல, விரலைத் தூக்கறதுக்கு முன்னாடி அவன் தயங்க ஆரம்பிச்சான். முதுகுல முதுகு ஒட்டி நிக்கறதால எனக்குத் தெரியும், மூச்சைப் பிடிச்சுக்குவான். என் கை என்ன சொல்லப் போகுதுன்னு முதுகாலயே தேடுவான்.

கையால செஞ்சதுன்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான். பால்காரர் வண்டி. அவன் ரெண்டு விரல் காட்டினான், நான் மூடினேன். அன்னைக்கு அவனுக்கு வீம்பு வந்துடுச்சு. "இல்லண்ணா, பிஸ்டன் பின் தேஞ்சிருக்கு, எனக்கு நல்லாக் கேக்குது. சட்டத்தை இன்னைக்கு ஒரு நாள் மீறலாம், நான் பிரிச்சுக் காட்டறேன்." பிரிச்சான். பிஸ்டனைக் கழட்டித் தட்டுல வெச்சான். பின்னுங்கறது பிஸ்டனைத் தாங்கிப் பிடிக்கிற சின்னக் குழாய் மாதிரி ஒரு சாமான், சுண்டு விரல் அளவுதான் இருக்கும். நல்லாவே தேஞ்சிருந்தது. அதை அவன் அளந்து பார்க்கறதுக்குள்ள மேல இருந்து அவ கூப்பிட்டா, துணிக் கட்டு ஒண்ணை இறக்கணும்னு. அவன் போனான். நான் சாமான் ரூம்ல இருந்து அதே அளவுல புதுசு ஒண்ணை எடுத்துக் கொஞ்சம் அழுக்கெண்ணெய் தடவித் தட்டுல வெச்சேன்.

அவன் வந்து அதைப் பிஸ்டன்ல சொருகி ஆட்டிப் பார்த்தான். ஆடல. கழட்டி, துடைச்சு, மறுபடி சொருகினான். பால்காரர் கொட்டாவி விட்டார். தம்பி பின்னைத் திரும்பத் தட்டுல வெச்சான். அப்புறம், "அண்ணா, என் காதுல ஏதோ கோளாறு"ன்னான். குரல் உடைஞ்சு போச்சு சார். நான் அவன் தோளைப் பிடிச்சுக்கிட்டேன். "நான் இருக்கேன்ல. எதுக்குக் கலங்கறே?" அன்னைக்கு ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் என் தோள்ல சாய்ஞ்சான். சின்னப் பிள்ளையில ஜுரம் வந்தா சாயற மாதிரி. மனசு நிறைஞ்சு போச்சுன்னு சொன்னா நீங்க தப்பா எடுத்துக்குவீங்க.

அவ அவனைக் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா. கண்ணாடி ரூம்ல உட்கார வெச்சு மணிச் சத்தம் போட்டுப் பார்த்திருக்காங்க. காது பொன்னு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டார் டாக்டர். அவ சந்தோஷமா வந்து என்கிட்ட சொன்னா. "அது மணிச் சத்தம்மா. இஞ்சினுக்குள்ள கேக்கறது வேற. காது நல்லாத்தான் இருக்கும், மனசுதான் இல்லாத சத்தத்தைக் கேக்கும்"னேன். பக்கத்துல நின்ன தம்பி தலையை ஆட்டினான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்னு பெரியவங்க சொன்னதைச் சொன்னேன். மீதியைச் சொல்லல. அவனுக்கு ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தேன். "சத்தம் கேட்டா பதறாதே. கண்டுக்காதே. நீ பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே இரு. தானா அடங்கிடும்." அவன் அதைப் பழகிக்கிட்டான். நல்ல பிள்ளை, சொன்னதைக் கேப்பான்.

கடை பார்க்கப் போற பேச்சு நின்னு போச்சு. அவன் நிறுத்திட்டான். அவ நிறுத்தல.

அப்புறம்தான் அவன் வண்டியில அந்தச் சத்தம் வந்தது. அது நான் செஞ்சதில்ல. வண்டி ஓடினா தேயும், யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒரு நாள் வெளிய போயிட்டுக் கூடத்துக்குள்ள நுழையறான், நான் பின்னாடி சாமான் ரூம்ல இருக்கேன், அங்க எனக்குக் கேட்டுது. 'டொக்கு டொக்கு'. அடியில இருந்து. ஸ்க்ரூடிரைவரே தேவையில்ல.

அவன் இஞ்சினை நிறுத்தல. வண்டி மேலயே உட்கார்ந்து என்னைப் பார்த்தான். "அண்ணா, ஒரு தடவை..."ன்னான். அவ மாடிப்படியில இறங்கி வந்துட்டு இருந்தா. "இன்னைக்கு நான் பார்க்கறேன் ரெண்டு பேர் கையையும்"னு எதிர்ல வந்து நின்னா. ஊசி குத்தின துணி ஒண்ணு அவ தோள்ல கிடந்தது.

முதுகோட முதுகு நின்னோம். அவன் முதுகு நனைஞ்சிருந்தது. ரொம்ப நேரம் கழிச்சு, தயங்கித் தயங்கி மூணு விரலைத் தூக்கினான்னு அவ பார்வை போன விதத்துலயே எனக்குத் தெரிஞ்சது. நான் கையை மூடினேன்.

நான் வேற என்ன செய்ய முடியும், சொல்லுங்க. மூணு விரலைக் காட்டியிருந்தா, இத்தனை நாள் காட்டின கை அத்தனையும் அவனுக்கு ஞாபகம் வரும். பால்காரர் வண்டி ஞாபகம் வரும். அவன் முட்டாள் இல்ல.

அவ என் கையைப் பார்த்தா, அப்புறம் என் முகத்தைப் பார்த்தா. "மாமா, எனக்கே கேக்குதே. என் மிஷின்ல ஊசி தட்டினா எனக்குத் தெரியும். இதுல அடியில ஏதோ முட்டுது." "அது டாப்பெட்மா. எல்லா வண்டியிலயும் இருக்கறதுதான்." "டாப்பெட்னா ஒரு விரல் ஆச்சே மாமா. நீங்க கையை மூடினீங்களே." கெட்டிக்காரி. "பழுதா இருந்தாத்தான்மா விரல்"னு சொன்னேன். தம்பி நடுவுல புகுந்து, "விடும்மா, எனக்குத்தான் இல்லாத சத்தம் கேக்குது, இப்ப உனக்கும் ஒட்டிக்கிச்சு"ன்னு அவளைக் கடிஞ்சுக்கிட்டான். அவ மேல போயிட்டா. அன்னைக்கு மிஷின் ஓடவே இல்ல.

மறுநாளே புது கிராங்க் வாங்கிட்டேன். அதுதான் சார் இது. அவன் உயிரோட விளையாட நினைக்கிறவன் வாங்குவானா? மத்த வண்டிக்கெல்லாம் செஞ்ச மாதிரி இதையும் அவனுக்குத் தெரியாம மாத்திடலாம்னுதான் இருந்தேன். ஆனா டாப்பெட்டு மாதிரி சாப்பாட்டு நேரத்துல முடியற காரியமில்ல இது. இஞ்சினை இறக்கணும், முழுசாப் பிரிக்கணும், ஒரு பகல் வேணும். அவங்க ரெண்டு பேரும் எங்கயாவது வெளியூர் போகணும், வண்டி என்கிட்ட இருக்கணும். அந்த ஒரு நாளுக்காகக் காத்துட்டு இருந்தேன். அதுவரைக்கும் அவனை வண்டி எடுக்க விடாம, "நீ இரு, நான் போறேன்"னு எல்லா வேலைக்கும் நானே அலைஞ்சேன்.

அந்த நாள் வந்தது. அந்த ஊர்க் கடையோட சொந்தக்காரர் இன்னும் வேற ஆள் பார்க்கலையாம், கடைசியா ஒரு தடவை வந்து பார்த்துட்டு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்கன்னு அவ அக்கா கூப்பிட்டிருக்கா. தம்பி அரை மனசாத் தலையாட்டிட்டான். காலையில ரெண்டு பேரும் கிளம்பி நிக்கறாங்க. பஸ்லதான் போவாங்கன்னு நான் நினைச்சேன். சாமான் ரூம்ல கிராங்கை எடுத்துத் தயாராக்கூட வெச்சுட்டேன்.

அவ என் எதிர்ல வந்து நின்னா. கையில போன். அவ அதைப் பதிவுல போட்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். தம்பி வண்டியை ஸ்டார்ட் பண்ணி வெச்சிருந்தான். நீங்க போட்டுக் காட்டினீங்களே, அது அப்பதான். நீங்க மெக்கானிக் இல்ல, உங்களுக்கே கேட்டுது.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன்"னா. குரல்ல கோபமே இல்ல. "நாங்க பஸ்ல போகவா, வண்டியில போகவா? உங்க வாயால சொல்லுங்க. வண்டின்னா நானும் பின்னாடி உட்கார்ந்துதான் போவேன்."

எனக்குப் புரிஞ்சிடுச்சு சார். பஸ்னு சொன்னா, ஏன்னு கேப்பா. வண்டியிலதான் ஒண்ணுமில்லையே, ஏன் பஸ்னு கேப்பா. தம்பி என் முகத்தைப் பார்ப்பான். அவ தன் உயிரையே தூக்கி என் எதிர்ல வெச்சுட்டு, எடுத்துக்கறீங்களா இல்லையான்னு கேக்கறா. இந்த மனுஷன் என்னதான் ஆனாலும் தம்பி பொண்டாட்டியைச் சாக விட மாட்டான்னு நம்பித்தான் கேட்டா. பஸ்னு அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. சின்ன வார்த்தை. தம்பி ஆக்ஸிலேட்டரை லேசா முறுக்கினான், சத்தம் இன்னும் கனமா விழுந்தது. அவன் என்னையே பார்த்துட்டு இருந்தான்.

"வண்டியிலயே தாராளமா போயிட்டு வாங்கம்மா"ன்னேன். பதிவுல என் குரல் நல்லாத் தெளிவா இருக்கு.

அவ போனைப் பையில வெச்சா. அப்புறம், "சரி மாமா"ன்னா. நான் அப்படிச் சொன்னதும் அவளுக்கே சந்தேகம் வந்திருக்கும், தனக்குத்தான் தப்பாக் கேக்குதோன்னு. முந்தானையைச் சொருகிக்கிட்டுப் பின்னாடி ஏறி உட்கார்ந்தா. தெரு முனை திரும்பற வரைக்கும் சத்தம் கேட்டுது. திரும்பின அப்புறமும் கொஞ்ச நேரம் கேட்டுது. இந்த ஒரு தடவை தாங்கும்னு நினைச்சேன். நிறைய வண்டி அப்படித் தாங்கியிருக்கு.

ஒரு கேள்வி கேட்டீங்க, அதுக்குப் பதில் சொல்லிடறேன். பேரிங் நொறுங்கறதுக்கு முன்னாடி சத்தம் கூடும், ஓட்டறவனுக்குக் கட்டாயம் தெரியும், அப்பவே கிளட்சைப் பிடிச்சு ஓரம் கட்டியிருந்தா பின் சக்கரம் பூட்டியிருக்காது, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது, ஒரு மெக்கானிக்குக்கு இது தெரியாதான்னு கேட்டீங்க. தெரியும். அவனுக்குக் கேட்டிருக்கும். ஊர்ல யாரைவிடவும் முன்னாடி கேட்டிருக்கும். கேட்டதைக் கண்டுக்காம அவன் பாட்டுக்கு ஓட்டியிருப்பான். நான் அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன். அவ பின்னால இருந்து கத்தியிருந்தாலும், ஒண்ணுமில்லம்மா அடங்கிடும்னுதான் சொல்லியிருப்பான்.

ஆமா, எனக்குக் கேட்டுது. முதல் நாளே கேட்டுது. கூரியர்காரர் வண்டியிலயும் கேட்டுது, பால்காரர் வண்டியிலயும் கேட்டுது, நான் கையை மூடின ஒவ்வொரு வண்டியிலயும் கேட்டுது. அவ ஏறி உட்கார்ந்த வண்டி சாவு வண்டின்னு தெரிஞ்சுதான் போயிட்டு வாங்கன்னு சொன்னேன். இப்படியே எழுதிக்கச் சொல்லுங்க, கையெழுத்து போடறேன். ஆனா அவளைக் கொல்லணும்னு நினைச்சேன்னு மட்டும் சேர்த்துடாதீங்க. எனக்கு அவ மேல கோபமே கிடையாது. தம்பியை அவ எங்கயும் கூட்டிட்டுப் போகாம இருந்தா எனக்குப் போதும்.

நேத்து சாயங்காலம் அவனைப் பார்க்கப் போனேன். அவ போனதை அதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. பேச முடியாது, தொண்டையில குழாய். கண்ணு மட்டும் என் மேல வந்து நின்னது. கட்டுப் போடாத கையைப் போர்வைக்குள்ள இருந்து மெதுவா வெளிய எடுத்தான். மூணு விரலைத் தூக்கினான்.

என்ன கேக்கறான்னு எனக்குத் தெரியும். அடியிலதானே அண்ணா, எனக்குக் கேட்டது நிஜம்தானேன்னு கேக்கறான். நர்சம்மா ஒண்ணும் புரியாம அவன் கையையும் என் கையையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. ஆமான்னு சொன்னா அவன் என்ன ஆவான், நீங்களே யோசிச்சுப் பாருங்க. கேட்டும் நிறுத்தாம பொண்டாட்டியைக் கொண்டு போய்ச் சாகடிச்சேன்னு ஆயுசுக்கும் வெந்து சாவான். நான் வளர்த்த பிள்ளை. அதை நான் பார்த்துட்டு இருக்கணுமா?

எங்க வழக்கப்படி அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னேன். கையை உயர்த்தி மூடிக் காட்டினேன். திரும்பிப் பார்த்தப்போ அவன் விரலை மடக்கிக்கிட்டான். கண்ணுல தண்ணி வழிஞ்சுது, துடைச்சு விட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டான். ஆஸ்பத்திரிக்கு வந்ததுல இருந்து அவன் தூங்கினது அப்பதான்னு நர்சம்மா சொன்னாங்க.

அந்தப் பதிவை அவனுக்குப் போட்டுக் காட்டப் போறதா வெளிய உங்க ஆளுங்க பேசிக்கிட்டாங்க. வேண்டாம்னு நான் கெஞ்ச மாட்டேன், உங்க வேலை அது. போட்டுக் காட்டுங்க. எத்தனை சத்தமா வேணும்னாலும் வெச்சுக் காட்டுங்க. முழுசாக் கேட்டு முடிச்சுட்டு, அவன் என் கையைத்தான் தேடுவான்.